லண்டன் அக்கா மலேசியாவுக்கு, சுங்கை சிப்புட் திரும்பி வர நினைக்கிறார், ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி?

தோட்டத்துத்தம்பி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசி, இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே தகராறுதான்.

என் மூத்த அக்காவுக்கு வயது 69. எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் எல்பில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அக்கா படிப்பில் கெட்டி, எழுபதுகளில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், பிரிட்டிஷ் குடியுரிமையும் எடுத்தாயிற்று. நம் நீல ஐசி (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) அதோடு போனது. மாமா தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஊரில் எல்லாரும் 'லண்டன் அக்கா' என்றாலும் இருப்பது லெஸ்டரில், ஒரு சின்ன வீட்டில் தனியாக. குளிர் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இப்போது போன் எடுத்தாலே "தம்பி, நான் அங்கேயே வந்து உங்களோடு இருந்துடறேன்" என்கிறார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது, என் மனைவிக்கும் சம்மதம். அதில் பிரச்சினை இல்லை.

உடம்புதான் யோசனை. சர்க்கரை பதினைந்து வருஷத்துக்கு மேல், பிரஷர், கொலஸ்ட்ரால். மாத்திரையில் ஓடுகிறது, இன்சுலின் இன்னும் இல்லை. கண்ணுக்கு ஒரு முறை லேசர் செய்தார்கள். வருமானம் என்று பார்த்தால் பிரிட்டிஷ் அரசாங்க பென்ஷன், தாதி வேலைக்கான என்எச்எஸ் (பிரிட்டிஷ் அரசாங்க மருத்துவச் சேவை) பென்ஷன், வீட்டை விற்றால் அதில் ஒரு தொகை.

இப்போது மூன்று கட்சி. பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் போதும், எதற்குக் கவலை என்று. எங்களுக்குத் தெரிந்த காப்புறுதி ஏஜெண்ட் ஒருவர், 70 ஆவதற்குள் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) எடுத்துவிடலாம், பாரத்தில் சர்க்கரையை எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அக்காவோ, "சின்னச் சின்னதை அங்கே பார்த்துக்கலாம், பெருசா ஏதாச்சும் வந்தா நான் ஃப்ளைட் ஏறி இங்கே வந்துடுவேன், முப்பது வருஷத்துக்கு மேல என்எச்எஸ்ல உழைச்சிருக்கேன், என்னைப் பார்க்க மாட்டாங்களா" என்கிறார்.

இதில் எது நடக்கும்? அடுத்த வருஷத்துக்குள் வீட்டை விற்கலாம் என்று இருக்கிறார், அதனால்தான் அவசரம்.

பில்கவுன்டர் (ஈப்போ):

அண்ணே, நான் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பகுதியில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். மூன்று கட்சியும் தோற்ற கட்சிதான், ஆனால் ஒவ்வொன்றும் தோற்கும் விதம் வேறு.

ஒரு வெள்ளி கதையை முதலில் முடித்துவிடுவோம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டுக்கு 5 வெள்ளி என்பதெல்லாம் குடிமக்களுக்கு. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு 2014ஆம் ஆண்டு கட்டண ஆணையில் தனி விலைப்பட்டியல் இருக்கிறது: சாதாரண வெளிநோயாளிக்கு 40 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 120 வெள்ளி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வார்டு, அறுவைச் சிகிச்சை எல்லாம் அதே பட்டியலில் தனித்தனியாக ஏறும், வார்டில் சேர்க்கும்போது முன்பணமும் கேட்பார்கள். அக்கா எல்பிலில் பிறந்தவர், கவுன்டரில் இருக்கும் பெண் அவர் சித்தி மகளாகவே இருக்கலாம், ஆனாலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டினால் கணினியில் அவர் வெளிநாட்டவர். அதற்காக அரசாங்க ஆஸ்பத்திரியை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த விலையிலும் தனியாரைவிட மலிவுதான், ஈப்போ பெரியாஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். இலவசம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து அந்த ஏஜெண்ட். "எழுத வேண்டாம்" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கே அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எப்படி நடக்கும் என்று நான் சொல்கிறேன், கவுன்டரில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தது. நெஞ்சு வலி என்று ராத்திரியில் கொண்டுவருவார்கள். கார்டை வாங்கி நாங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு கேரண்டி லெட்டர் (செலவை ஏற்கிறோம் என்ற உறுதிக் கடிதம்) கேட்டு அனுப்புவோம். அவர்கள் உடனே டாக்டருக்கு ஒரு பாரம் அனுப்புவார்கள். அதில் ஒரு கேள்வி நிச்சயம் இருக்கும்: நோயாளிக்கு சர்க்கரை, பிரஷர் எப்போதிலிருந்து? டாக்டர் கட்டிலில் கிடப்பவரிடம் கேட்பார். அந்த நேரத்தில் யார் பொய் சொல்லுவார், சொன்னால் தப்பான மருந்து போட்டுவிடுவார்களே! அக்கா தாதி வேறு, வருஷத்தோடு சொல்லுவார். டாக்டர் அதை அப்படியே எழுதுவார். பாலிசி எடுத்தது போன வருஷம், சர்க்கரை வந்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். கேரண்டி லெட்டர் வராது. தம்பி லாபியில் நின்று ஏஜெண்டுக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பார், போன் எடுக்கப்படாது. நாங்கள் வந்து, முன்பணம் எப்படிக் கட்டுகிறீர்கள், கார்டா ரொக்கமா என்று கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்கிற வேலை எனக்குப் பிடித்ததே இல்லை.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு வாடிக்கையாளர் கவனத்தோடு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தே மறைத்தால் பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஒம்புட்ஸ்மேன் (காப்புறுதிப் புகார்களை விசாரிப்பவர்) வரை போனாலும், மறைத்தது நாம் என்றால் அங்கே என்ன பேசுவது?

சரி, உண்மையை எழுதிக் கொடுத்தால்? 69 வயது, சர்க்கரை, பிரஷர், கண்ணில் லேசர். பல நிறுவனங்கள் புதிதாக எடுப்பவர்களுக்கு 60, 65, 70 என்று ஏதோ ஒரு வயதில் கதவைச் சாத்திவிடும். திறந்திருக்கும் கதவிலும் முடியாது என்று சொல்லலாம், அல்லது சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் கிடையாது என்று ஒரு வரி சேர்த்துத் தரலாம், அல்லது பிரீமியத்தை ஏற்றித் தரலாம். சர்க்கரை சம்பந்தப்பட்டது என்றால் இதயம், கிட்னி, கண், கால் எல்லாம் வந்துவிடுகிறது, அதற்கு அப்புறம் மிச்சம் என்ன? கீழே விழுந்து எலும்பு முறிந்தால், டெங்கி வந்தால், அவ்வளவுக்குத்தான். காத்திருப்புக் காலமும் உண்டு. பொதுவாக முதல் 30 நாளில் விபத்தைத் தவிர எதற்கும் கிடைக்காது, பிரஷர், சர்க்கரை, இதய நோய், கட்டி, கல் மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள்.

பிரீமியமும் நிற்கிற இடத்தில் நிற்காது. 2024 கடைசியில் நடந்த கூத்து உங்களுக்கே தெரியும், சில நிறுவனங்கள் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏற்றப்போகிறோம் என்று கடிதம் அனுப்பி நாடே கொந்தளித்தது. அப்புறம் டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்துப் போடச் சொன்னது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடிப்படைத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருஷம் நிறுத்தியும் வைத்தது. தள்ளிப்போனதே தவிர போய்விடவில்லை. பாலிசியில் 'புதுப்பிப்பு உறுதி' என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப்பிக்கத்தான் உறுதி, என்ன விலைக்கு என்பதற்கு உறுதி கிடையாது.

வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கென்று அனைத்துலக பாலிசிகள் இருக்கின்றன. அமெரிக்காவை விலக்கிவிட்டு, முதல் ஒரு பெரிய தொகையை நாமே கட்டுகிறோம் என்று ஒத்துக்கொண்டால் விலை இறங்கும். 69இல் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பழைய நோய்க் கதை அங்கேயும் அதேதான்.

என்னைக் கேட்டால், அக்கா மாதிரி நிலையில் காப்புறுதி இரண்டாம் பட்சம். முதலில் வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியை மருத்துவத்துக்கு என்று தனியாக ஒதுக்கி, வெள்ளியில், நிரந்தர வைப்பில் போட்டு, யாரும் தொடாமல் வைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்பீர்கள். தனியாரில் இதய அறுவைச் சிகிச்சை ஐந்து இலக்கத்தில் முடிந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடலாம், ஐசியூவில் நாள் கூடினால் ஆறு இலக்கத்தைத் தொட்ட பில்லை நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் கட்டணத்துக்கு 13ஆவது அட்டவணை என்று சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. மருந்து, ஊசி, கையுறை, அறை வாடகைக்கு அந்த வரம்பு கிடையாது, பில் வீங்குவது அங்கேதான். எப்போதும் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

என்எச்எஸ் கதையை அங்கே இருப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

சும்மா_ஒருவன் (தைப்பிங்):

என்னங்க இது, சொந்த அக்கா வருவதற்கு இவ்வளவு கணக்கா. வரச் சொல்லுங்கள்லா. எங்கள் பாட்டி ஒரு காப்புறுதியும் இல்லாமல் 91 வயசு வரைக்கும் தோட்டத்து லயத்தில் இருந்து நல்லபடியாகப் போனார். கீரையும் கருவாடும் சாப்பிட்டு நடந்தால் எல்லாம் சரியாகும்.

பில்கவுன்டர் (ஈப்போ):

பாட்டியிடம் நீல ஐசி இருந்ததா தம்பி? இருந்தது இல்லையா. அதுதான் அவர் காப்புறுதி.

பாகான்செராய்_பையன் (இங்கிலாந்து):

என்எச்எஸ் பற்றி நான் சொல்கிறேன். சொந்த ஊர் பாகான் செராய், இருப்பது மான்செஸ்டர் பக்கம். இதே யோசனை எனக்கும் இருப்பதால் கொஞ்சம் துருவிப் படித்து வைத்திருக்கிறேன்.

அக்கா நினைப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் என்எச்எஸ் உழைப்புக்கான கூலி கிடையாது. எத்தனை வருஷம் வரி கட்டினீர்கள், எந்த பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம் ஆவதில்லை. நீங்கள் இங்கே நிலையாகக் குடியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. மலேசியாவில் குடியேறிவிட்டு, நோய் வந்தவுடன் விமானம் ஏறி வந்தால் நீங்கள் வெளிநாட்டு வருகையாளர். அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பார்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். அங்கிருந்து வார்டுக்கு ஏற்றியவுடன் மீட்டர் ஓட ஆரம்பிக்கும், கட்டணம் வழக்கமான என்எச்எஸ் விலையில் 150 விழுக்காடு. பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் ஓய்வுபெற்றுப் போகிறவர்களுக்கு எஸ்1 என்று ஒரு பாரம் இருக்கிறது, பிரிட்டன் அவர்கள் செலவை ஏற்கும். மலேசியாவுக்கு அந்த மாதிரி எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. "நான் திரும்பி வந்து இங்கேயே குடியிருக்கப் போகிறேன்" என்று உண்மையாகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தால், வந்த நாளிலிருந்தே மறுபடியும் உரிமை வந்துவிடும், ஆறு மாதம் காத்திரு என்பதெல்லாம் கிடையாது. அப்போது தங்க இடம் வேண்டும், இங்கேதான் இருக்கப் போகிறார் என்று காட்ட ஏதாவது வேண்டும். லெஸ்டர் வீட்டை விற்றுவிட்டு, 75 வயதில், உடம்பு முடியாமல், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்து, யார் வீட்டில் இறங்குவார்? அதனால் என் கருத்து, வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். வாடகைக்கு விடட்டும். இதில் பில்கவுன்டர் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. அவர் வீடு விற்ற பணத்தைத்தான் மருத்துவப் பணமாகப் பார்க்கிறார், எனக்கு வீடே ஒரு திரும்பும் வழியாகத் தெரிகிறது.

பென்ஷன் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. பிரிட்டிஷ் அரசாங்க பென்ஷன் மலேசியாவுக்கு வரும், ஆனால் உறைந்துபோய் வரும். இங்கே குடியிருந்தால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும், அமெரிக்காவிலோ பிலிப்பைன்சிலோ இருந்தாலும் ஏறும், மலேசியாவிலோ இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்தால் ஏறாது. போன நாளில் என்ன தொகையோ அதுவே கடைசி வரை. 2016 ஏப்ரலில் புதிய பென்ஷன் தொடங்கியபோது முழுத்தொகை வாரத்துக்கு 155.65 பவுன். அன்றைக்கு அதை மலேசியாவில் வாங்க ஆரம்பித்தவருக்கு இன்றைக்கும் 155.65தான். இங்கே இருப்பவருக்கு 2025-26இல் 230.25. வாரத்துக்கு 74 பவுன் சொச்சம் வித்தியாசம், வெறும் ஒன்பது வருஷத்தில்! அக்கா என்எச்எஸ் பென்ஷன் திட்டத்தில் இருந்தவர் என்பதால் அரசாங்க பென்ஷன் முழுத்தொகையைவிடக் குறைவாகவும் இருக்கலாம், பழைய தாதிகள் பலருக்கு அப்படித்தான், அவரிடமே கேளுங்கள்.

நல்ல செய்தி, என்எச்எஸ் தாதி பென்ஷன் அப்படி உறையாது, எந்த நாட்டில் இருந்தாலும் விலைவாசியோடு ஏறும். ஆகவே அவருடைய இரண்டு வருமானத்தில் ஒன்று வளரும், ஒன்று நிற்கும். மெடிக்கல் கார்டு பிரீமியமோ வயதோடு ஏறிக்கொண்டே போகும். பவுனுக்கு வெள்ளி எவ்வளவு என்பதும் நம் கையில் இல்லை, 7 வெள்ளிக்குப் போன காலமும் உண்டு, ஐந்து சொச்சத்துக்கு இறங்கியதும் உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி 80 வயது வரை, 85 வயது வரை கூட்டிப் பாருங்கள். இன்றைய தேதிக்கு மட்டும் பார்த்தால் எல்லாம் வசதியாகத்தான் தெரியும்.

டிரஸர்மகன் (சுங்கை சிப்புட்):

நம்ம ஊர்க்காரர் கேட்கிறார், எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா தோட்டத்து டிரஸர் (மருந்து கொடுக்கும் உதவியாளர்), உங்கள் அப்பாவுக்கும் அவர்தான் மருந்து கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது அண்ணே: அக்கா என்ன பாஸில் இங்கே இருக்கப் போகிறார்? பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 90 நாள். அதை வைத்துக்கொண்டு தாய்லாந்தில் ஹட்யாய் போய் வருவது, சிங்கப்பூர் போய் வருவது என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது பிழைப்பா? குடிநுழைவு கவுன்டரில் ஒரு நாள் நிறுத்திக் கேள்வி கேட்டால் முடிந்தது. நீண்டநாள் பாஸ் இல்லாவிட்டால் இங்கே உள்ள காப்புறுதி நிறுவனங்களிடம் பேச்சு எடுப்பதும் கஷ்டம்.

எல்லாரும் எம்எம்டூஎச் என்பார்கள், வெளிநாட்டவர் இங்கே நீண்டநாள் தங்குவதற்கான அரசாங்கத் திட்டம். 2024இல் விதி மாறியது. பொதுவான மூன்று நிலைகளில் கீழ்ப்படியான 'சில்வர்' நிலைக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதற்கு மேல் குறைந்தது 600,000 வெள்ளிக்கு ஒரு வீடு வாங்க வேண்டும், பாஸ் 5 வருஷத்துக்கு. வைப்புத்தொகையில் பாதி வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ பிறகு எடுக்க அனுமதி இருக்கிறது, அது ஒரு நல்ல அம்சம். ஆனால் நம்ம சுங்கை சிப்புட்டில் 600,000 வெள்ளிக்கு வீடு தேடிப் பாருங்கள்! உங்கள் தாமானில் பக்கத்துப் பக்கத்து வீட்டை இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்கினால்தான் உண்டு. தம்பி வீட்டுக் கீழ் அறையில் இருக்க வருகிறவருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

திரும்பக் குடியுரிமை கேட்கலாம் என்று யாராவது சொன்னால், அரசியலமைப்பின் 18ஆவது விதியைப் பாருங்கள். குடியுரிமையைத் துறந்தவரை மத்திய அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் மறுபடி பதிய முடியாது. சிவப்பு ஐசியும் (நிரந்தரவாசி அட்டை) கேட்டவுடன் கிடைப்பதில்லை. முன்னாள் குடிமகள், பிறப்புப் பத்திரம் இங்கே பதிந்தது, உடன்பிறந்தவர் இங்கே குடிமகன், இதையெல்லாம் கோப்பாகக் கட்டிக்கொண்டு குடிநுழைவுத் துறையில் நேரில் போய், எந்த பாஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேளுங்கள். ஏஜெண்ட் வழியாக வேண்டாம். நீங்களே போங்கள். பதில் எழுத்தில் கிடைக்கும் வரை லெஸ்டர் வீட்டின் மேல் கை வைக்கக் கூடாது.

அப்புறம் ஊர். நம்ம ஊர் ஆஸ்பத்திரி சின்ன ஆஸ்பத்திரி. காய்ச்சல், தையல், மாதாந்திர மருந்துக்குச் சரி. நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் ஈப்போவுக்குத்தான் ஏற்றுவார்கள், 30 கிலோமீட்டர். சாதாரண நாளில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தீபாவளிக்கு முந்தின நாள் ரோட்டை யோசித்துப் பாருங்கள். சர்க்கரைக்காரருக்கு நான் பயப்படுவது நெஞ்சைவிடக் கிட்னிக்கு. டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், வாழ்நாள் முழுக்க. குடிமக்களுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), அரசாங்க உதவி என்று ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ள இருக்கும், அக்காவுக்கு எல்லாம் கைக்காசு. கூட்டிக்கொண்டு போய் வர ஒரு ஆளும் வேண்டும், அந்த ஆள் நீங்களா, உங்கள் மனைவியா? அவர் சம்மதம் என்று சொன்னது அறைக்குத்தானே, இதற்கும் சேர்த்துக் கேட்டுவிட்டீர்களா? கோபிக்காதீர்கள், எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த வண்டி ஓட்டியது முழுக்க என் மனைவிதான்.

தோட்டத்துத்தம்பி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் நன்றி. டிரஸர் ஐயா மகனா! அப்பாவுக்குக் காலில் கத்தி பட்டபோது உங்கள் அப்பாதான் தையல் போட்டார், வீட்டில் இன்னும் சொல்லுவார்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "டயாலிசிஸ்னா எனக்கு முடியாது, ஆள் வைக்கணும், அதுக்கும் காசு வைங்க" என்று நேராகச் சொல்லிவிட்டாள். இதைப் பேசாமல் அக்காவை வரவழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

பென்ஷன் உறைந்துபோகும் விஷயம் அக்காவுக்கே தெரியவில்லை. கேட்டதும் போனில் ஒரே சத்தம். இத்தனை வருஷம் கட்டினேனே, எந்த நாட்டில் இருந்தால் இவர்களுக்கு என்ன என்று. அது நியாயமான கோபம்தான்.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரேயடியாக வராமல், ஒவ்வொரு வருஷமும் குளிர் மாதங்களில் மட்டும் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனால்? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

பாகான்செராய்_பையன் (இங்கிலாந்து):

எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, இப்போதைக்காவது. வருஷத்துக்கு இத்தனை நாள் இருந்தால்தான் குடியிருப்பவர் என்று என்எச்எஸ் சட்டத்தில் ஒரு கோடு கிடையாது, வாழ்க்கை எங்கே நிலைகொண்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். வீடு லெஸ்டரில், பில் லெஸ்டரில், டாக்டர் லெஸ்டரில் என்று இருந்து குளிருக்கு மட்டும் தம்பி வீட்டுக்கு வந்து போகிறவர், இங்கே குடியிருப்பவர்தான். பென்ஷனும் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் வெளியே போனால் ஜிபி (குடும்ப டாக்டர்) பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம், அதனால் மூன்று மாதத்துக்குள் திரும்பட்டும். உங்கள் ஊர் 90 நாளும் அதற்குள் அடங்கிவிடுகிறது, நல்ல பொருத்தம்.

அந்த மூன்று மாதத்துக்குப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும், இங்கே கிளம்பும் முன்னால், சர்க்கரை, பிரஷர், லேசர் எல்லாவற்றையும் எழுதி. காசு கூடத்தான் ஆகும். மருத்துவச் செலவோடு நாடு திரும்பக் கொண்டுவரும் செலவும் அதில் இருக்கிறதா, ஒரே பயணத்தில் எத்தனை நாள் வரை செல்லும் என்று பார்த்து வாங்கட்டும். வருஷம் முழுக்கச் செல்லும் பாலிசிகள் பலவற்றில் ஒரு பயணம் 31 நாளைத் தாண்டினால் செல்லாது.

பில்கவுன்டர் (ஈப்போ):

நானும் ஒத்துக்கொள்கிறேன், வீட்டை விற்க வேண்டாம் என்பதையும் சேர்த்து. ஆனால் இது அவர் விமானம் ஏறக்கூடிய வரைக்கும்தான் ஓடும். பயணக் காப்புறுதியும் எண்பதை நெருங்கினால் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் விலை சுடும். அதற்குள் குடிநுழைவுத் துறைப் பதிலை வாங்கி வைத்துவிடுங்கள், வாடகைப் பணத்தை இங்கே வெள்ளியில் சேர்த்து வாருங்கள். அப்புறம் முடிவெடுப்பது அவர் கையில் இருக்கும்.

இந்தத் தடவை வரும்போது ஜிபியிடமிருந்து மருத்துவக் குறிப்புச் சுருக்கத்தை அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், சமீபத்திய எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு), கிட்னி ரிப்போர்ட்டோடு. மருந்துகளைக் கம்பெனி பெயரில் எழுதாமல் மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மூலப்பெயரில் எழுதி வாங்கட்டும், அங்கே உள்ள கம்பெனி பெயர் இங்கே மருந்தகத்தில் தெரியாது. பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கட்டும். வந்த வாரத்திலேயே டவுனில் ஒரு கிளினிக்கில் நோயாளியாகப் பதிந்துகொள்ளட்டும், காசு கட்டித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் ஈப்போ டாக்டரிடம் காட்ட அவர் கையில் ஒரு தாள் இருக்கும்.

டிரஸர்மகன் (சுங்கை சிப்புட்):

ஏஜெண்ட் தம்பி இந்தப் பக்கம் வந்தால் நான் பேசுகிறேன் அண்ணே, நமக்குத் தெரிந்த ஆள்தான் என்று நினைக்கிறேன். குடிநுழைவுத் துறைக்குப் போகும்போது அக்காவின் பழைய பிறப்புப் பத்திரம் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் தேசியப் பதிவுத் துறையில் நகல் கேட்டு இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருக்கும், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதினதுதானே. அதைச் சரிசெய்யத்தான் நாள் எடுக்கும்.